காட்டில் பாதி, அலமாரியில் பாதி



தாவரவியல் ஆசிரியர் ஒருவரின் நினைவாக அவருடைய பிள்ளைகளும் மாணவர்களும் சேர்ந்து ஏற்படுத்திய அறக்கட்டளை இது. செடியின் பெயரைக் கேட்டால், பூவைப் பிரித்துப் பார்க்காமல் பதில் சொல்லாதவர் அவர் என்று இங்கே சொன்னார்கள். அப்படிப்பட்டவர் பெயரால் பேசுகிறவன் பொத்தாம்பொதுவாகப் பேசிவிட்டுப் போக முடியாது. எனவே 'மழைக்காடுகளில் புதிய உயிரினங்களைக் கண்டறிதல்' என்ற பெரிய தலைப்பை நமக்கு அருகில் இருக்கும் மேற்குத் தொடர்ச்சி மலைக்குள் அடக்கிக்கொள்கிறேன்.

"புதிய தவளை கண்டுபிடிப்பு" என்று நாளிதழில் அவ்வப்போது ஒரு செய்தி வரும். இலைமேல் உட்கார்ந்திருக்கும் தவளையின் படமும் இருக்கும். கொட்டும் மழையில், இரவில், டார்ச் விளக்கோடு காட்டுக்குள் போன ஒருவர் அதுவரை யாரும் பார்க்காத ஒன்றைப் பார்த்துவிட்டார் என்று படிப்பவர் நினைத்துக்கொள்வார். மழையும் இரவும் விளக்கும் உண்மைதான். ஆனால் அந்த வேலையில் பாதிதான் காட்டில் நடக்கிறது. மறுபாதி அலமாரிகளுக்கு நடுவே, நூறாண்டுப் பழமையான சீசாக்களையும் உலர்ந்த இலைத் தாள்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நடக்கிறது. அந்த மறுபாதியை நாம் கவனிக்காமல் விட்டுவிட்டோம் என்பதே இன்று நான் சொல்ல வந்தது.

பெயருக்கும் செடிக்கும் இடையே

நமக்கு நன்கு தெரிந்த ஓர் இடத்திலிருந்து தொடங்குகிறேன். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களை அடுக்கிச் சொல்கிறார். காந்தளையும் வேங்கையையும் நம்மால் தடுமாறாமல் காட்டிவிட முடியும். அந்த வரிசையில் வரும் வேறு பல பூக்கள் இன்றைய எந்தச் செடியுடையவை என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. பி.எல். சாமி போன்றவர்கள் சங்க இலக்கியச் செடிகொடிகளை இனங்காண்பதற்கென்றே நெடுங்காலம் உழைத்தார்கள். கபிலர் காலத்து மலைவாழ் பெண்ணுக்கு இந்தச் சிக்கல் இருந்திருக்காது. பெயரைச் சொன்னால் பூவைப் பறித்துக் கொடுத்திருப்பாள். பெயர் நம் கைக்கு வந்து சேர்ந்துவிட்டது, பூ வரவில்லை. இரண்டையும் சேர்த்துக் கட்டிய கயிறு இடையில் எங்கோ அறுந்துவிட்டது.

அந்தக் கயிறு அறாமலிருக்க அறிவியல் செய்துகொண்ட ஏற்பாடுதான் வகைப்பாட்டியல். 1753இல் தாவரங்களுக்கும் 1758இல் விலங்குகளுக்கும் லின்னேயஸ் இருசொற் பெயர் முறையை முழுமையாகக் கையாண்டார். முதற்சொல் பேரினம், இரண்டாவது சொல் சிற்றினம். பின்னாளில் இன்னொரு விதி உறுதிப்பட்டது. புதிதாகப் பெயர் வைப்பவர் அந்தப் பெயருக்குச் சாட்சியாக ஒரே ஒரு மாதிரியைக் குறித்து, பொதுக் காப்பகம் ஒன்றில் வைக்க வேண்டும். அதற்கு மூல மாதிரி என்று பெயர். நாளைக்கு எத்தனை வழக்கு வந்தாலும் அந்தப் பெயர் எதைக் குறிக்கிறது என்பதற்கு அந்த மாதிரிதான் இறுதிச் சாட்சி. நிலத்துக்குப் பத்திரம் எப்படியோ, பெயருக்கு மூல மாதிரி அப்படி.

பத்திரங்கள் எங்கே இருக்கின்றன?

1768இல் தரங்கம்பாடியில் கப்பலிலிருந்து இறங்கினார் யோகான் கெரார்டு கோனிக். டேனிஷ்காரர்களின் குடியேற்றத்துக்கு மருத்துவராக வந்தவர், லின்னேயஸின் மாணவர். தென்னிந்தியச் செடிகளை இருசொற் பெயர் முறையில் எழுதத் தொடங்கிய முன்னோடிகளில் ஒருவர். அவருக்கும் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முன்பே கொச்சியில் டச்சு ஆளுநர் வான் ரீடு 'ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்' என்ற நூலைத் தொகுக்கத் தொடங்கியிருந்தார். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக அது வெளிவந்தது. அதில் உள்ள செடிகளின் பெயரையும் பயனையும் சொன்னவர்களில் முதன்மையானவர் இட்டி அச்சுதன் என்ற மலையாள வைத்தியர். நம் பாலை மரத்தின் பேரினப் பெயரான 'மணில்காரா' அந்த நூலில் இருந்த மலையாளப் பெயரிலிருந்து எடுக்கப்பட்டதே.

அடுத்து வந்த ராபர்ட் வைட், சென்னை மாகாணத்தில் மருத்துவராகப் பணியாற்றியவர். அவருடைய நூல்களின் செடிப் படங்களை வரைந்தவர்கள் ரங்கய்யா, கோவிந்து என்ற இரு ஓவியர்கள். மகரந்தப் பையின் வடிவத்தைக்கூட விடாமல் பார்த்து வரைந்த கைகள் அவை. அவர்களில் கோவிந்துக்கு நன்றியாக ஒரு ஆர்க்கிட் பேரினத்துக்கு 'கோவிந்தூயா' என்று வைட் பெயர் சூட்டினார். பின்னர் அது வேறொரு பேரினத்துக்குள் சேர்க்கப்பட்டு அந்தப் பெயர் வழக்கொழிந்தது. என்றாலும் உழைத்தவரின் பெயரை அவர் எழுதி வைத்தார் என்பது நினைவில் நிற்கிறது.

ரிச்சர்டு ஹென்றி பெட்டோம் என்ற வன அதிகாரியைச் சொல்லாமல் இந்த வரலாறு முடியாது. 19ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் நம் மலைகளெங்கும் நடந்து மரங்களையும் தவளைகளையும் மண்ணுக்குள் வாழும் கேடயவால் பாம்புகளையும் சேகரித்து விவரித்தார். பெட்டோம் சேகரித்த விலங்குகளில் பெரும்பகுதி இன்று லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வைட் சேகரித்த செடிகள் கியூ, எடின்பரோ தாவரவியல் தோட்டங்களில் இருக்கின்றன.

இதன் விளைவு இன்றைய மாணவரின் தலையில் விழுகிறது. வால்பாறைக் காட்டில் ஒரு தவளையைப் பிடித்தவர் அது புதியது என்று சொல்வதற்கு முன், 1870களில் பெயரிடப்பட்ட தவளை அதுவல்ல என்று காட்டியாக வேண்டும். அந்தப் பழைய தவளையோ லண்டனில் சாராயச் சீசாவுக்குள் இருக்கிறது. சீட்டில் 'மலபார்' என்று மட்டும் எழுதியிருக்கும். மலபார் என்றால் எந்த மலை, எந்த ஓடை? இப்போது பல காப்பகங்கள் மாதிரிகளைப் படமெடுத்து இணையத்தில் வைக்கின்றன. செடிகளுக்கு அது பெரிய உதவி. தவளையின் விரலிடைச் சவ்வை அளக்கப் படம் போதாது.

ஊதாத் தவளை சொல்லும் பாடம்

2003 அக்டோபரில் 'நேச்சர்' இதழில் எஸ்.டி. பிஜுவும் பெல்ஜியத்தைச் சேர்ந்த ஃபிராங்கி போஸ்யூட்டும் ஒரு தவளையை அறிமுகப்படுத்தினார்கள். இடுக்கி மாவட்டத்தின் கட்டப்பனையில் கிடைத்தது. ஊதா நிறம், உப்பிய உடல், சின்னஞ்சிறு தலை, பன்றியின் மூக்குப்போல் கூர்ந்த முகம். நாசிகாபட்ராகஸ் சகியாத்ரென்சிஸ் என்று பெயரிட்டார்கள். மூக்குத் தவளை, சகியாத்திரியை, அதாவது மேற்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தது என்று பொருள்.

ஆண்டில் பெரும்பாலான நாள் மண்ணுக்கடியில் கரையான் தின்று வாழ்கிற உயிர் அது. பருவமழைக்கு முந்திய மழை விழும்போது சில நாள் மட்டும் இணைசேர வெளியே வந்துவிட்டு மறுபடி மண்ணுக்குள் போய்விடும். மரபணுவை ஒப்பிட்டபோது அதற்கு மிக நெருங்கிய உறவினர் செஷெல்ஸ் தீவுகளில் வாழும் தவளைகள் என்று தெரிந்தது. நடுவே ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் கடல். தவளையால் கடலை நீந்திக் கடக்க முடியாது. இந்தியாவும் செஷெல்ஸும் ஒரே நிலமாக ஒட்டியிருந்த காலத்தில் வாழ்ந்த பொது முன்னோரின் வழிவந்தவை இவை. அந்தப் பிரிவு நேர்ந்து பத்துக் கோடி ஆண்டுகளுக்கு மேலிருக்கும் என்று கணக்கிட்டார்கள். கண்டங்கள் பிரிந்த வரலாற்றுக்கு ஓர் உயிருள்ள சாட்சி நம் ஏலக்காய் மலையின் மண்ணுக்குள் இருந்திருக்கிறது.

இந்தக் கதைக்குள் இன்னொரு கதையும் உண்டு. இந்தத் தவளையின் தலைப்பிரட்டையை 1918இலேயே நெல்சன் அன்னண்டேல் விவரித்திருந்தார். இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர் அவர். பாய்ந்தோடும் ஓடையில் பாறையை வாயால் கவ்வி ஒட்டிக்கொண்டிருக்கும் விசித்திரமான தலைப்பிரட்டை. அது எந்தத் தவளையின் குஞ்சு என்று அப்போது தெரியவில்லை. 85 ஆண்டுகள் கழித்துத் தாய் கிடைத்த பிறகுதான் பிள்ளையின் அடையாளம் தெரிந்தது. அன்னண்டேல் எழுதி வைக்காமல் போயிருந்தால் அந்தக் கணக்கு முடிந்திருக்காது.

இடுக்கிப் பகுதிப் பழங்குடிகள் சிலர் மழைக்காலத்தில் இந்தத் தலைப்பிரட்டைகளைப் பிடித்து உணவாகக் கொள்ளும் வழக்கத்தைப் பின்னால் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். எந்தப் பாறையில், எந்த வாரத்தில் அது இருக்கும் என்பது அவர்களுக்கு அத்துபடி. உலகம் 2003இல் அறிந்துகொண்டதை அவர்கள் பாட்டன் காலத்திலிருந்தே அறிந்திருந்தார்கள். எனவே 'கண்டுபிடிப்பு' என்ற சொல்லை நாம் அடக்கத்தோடு பயன்படுத்த வேண்டும். அறிவியல் செய்தது அந்தத் தவளைக்கு எல்லோரும் சரிபார்க்கக்கூடிய ஒரு பெயரும், பரம்பரையில் ஓர் இடமும் கொடுத்ததுதான்.

ஒரு சிற்றினம் எழுதப்படும் விதம்

மாணவர்களுக்காக இதைச் சற்று விரித்துச் சொல்கிறேன். செடியானால் பூவோடும் காயோடும் கிளையை வெட்டி, நாளிதழ்த் தாள்களுக்கிடையே வைத்து அழுத்தியில் கட்டி, ஈரமான தாளை நாள்தோறும் மாற்றி உலர்த்த வேண்டும். பிறகு கெட்டித் தாளில் ஒட்டிச் சீட்டு எழுத வேண்டும். இடம், கடல்மட்டத்திலிருந்து உயரம், நாள், சேகரித்தவர் பெயர், வரிசை எண், உலர்ந்தால் மறைந்துபோகும் பூவின் நிறம், மணம் ஆகியவை அதில் இருக்க வேண்டும். தவளையானால் உயிரோடு இருக்கும்போதே நிறத்தைப் படம்பிடித்து, குரலைப் பதிவு செய்து, மரபணுவுக்குத் துளி தசை எடுத்து, பிறகு பாதுகாக்க வேண்டும். உயிரைக் கொல்லலாமா என்று சில மாணவர்கள் கேட்பதுண்டு. கேட்க வேண்டிய கேள்வி அது. தேவைக்கு மேல் ஒன்றுகூட எடுக்கக் கூடாது, அரசின் அனுமதியின்றி எதையும் தொடக் கூடாது, எடுத்ததை வீணாக்கவே கூடாது என்பதுதான் அதற்கு நான் அறிந்த நேர்மையான விடை.

அதன்பின் ஒப்பீடு. அந்தப் பேரினத்தில் இதுவரை பெயரிடப்பட்ட ஒவ்வொன்றோடும் வைத்துப் பார்த்து, இதில் இருப்பது என்ன, அவற்றில் இல்லாதது என்ன என்று எழுத வேண்டும். தாவரத்துக்கு 2011 முடியும்வரை இந்த விவரிப்பு அல்லது வேறுபாட்டுக் குறிப்பை இலத்தீனில் எழுத வேண்டியிருந்தது. 2012 முதல் ஆங்கிலமும் ஏற்கப்படுகிறது.

இதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும் என்பதற்கு இராத்தவளைகள் சான்று. 2017இல் பிஜுவின் குழு மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து நிக்டிபட்ராகஸ் பேரினத்தில் ஏழு புதிய சிற்றினங்களை வெளியிட்டது. ஐந்தாண்டுக் கள ஆய்வின் பயன் அது. ஏழில் நான்கு, கட்டைவிரல் நகத்தின்மேல் உட்காரக்கூடிய அளவுக்குச் சிறியவை. இவை அடர்காட்டின் ஆழத்தில் மட்டும் ஒளிந்திருக்கவில்லை, தம் இடத்தில் ஏராளமாகவே இருந்தன. கத்தும் ஒலி பூச்சியின் ஒலிபோல இருந்ததால் கேட்டவர்களெல்லாம் பூச்சி என்றே கடந்துபோனார்கள். காது இருந்தும் கேட்காத ஒன்றைக் கேட்கப் பழகுவதுதான் இந்தத் துறையின் பயிற்சி.

21 ஆண்டுகள்

ஓர் உயிரினத்தின் முதல் மாதிரி சேகரிக்கப்பட்டதற்கும் அது பெயரோடு அச்சில் வருவதற்கும் இடையே சராசரியாக எத்தனை ஆண்டு ஆகிறது என்று பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2012இல் கணக்கிட்டார்கள். 21 ஆண்டுகள். செடிகளைப் பற்றி 2010இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு, புதிய சிற்றினங்களில் 16 விழுக்காடே சேகரித்த ஐந்தாண்டுக்குள் விவரிக்கப்பட்டன என்று கண்டது. இனிப் பெயரிடப்பட வேண்டிய பூக்கும் தாவரங்களில் பாதிக்கு மேற்பட்டவை ஏற்கனவே சேகரிக்கப்பட்டு, உலர்ந்த செடிகளைக் காக்கும் ஹெர்பேரியங்களில் உறங்குகின்றன என்றும் அது மதிப்பிட்டது. அவற்றைத் தேடி இனிக் காட்டுக்குப் போக வேண்டியதில்லை. அலமாரியைத் திறந்து பார்க்கத் தெரிந்த ஆள்தான் இல்லை.

அகத்தியமலையில் 2011இல் கிடைத்த ஒரு பச்சைப் பாம்பு புதிய பேரினமாக, புரோஅகேட்டுல்லா ஆன்டிகுவா என்ற பெயரோடு வெளிவந்தது 2019இல்தான். அதன் கால்வழி ஏறத்தாழ 2.6 கோடி ஆண்டுப் பழமையானது என்று தெரிய, உறவுப் பாம்புகள் அனைத்தின் மரபணுவையும் செதிலமைப்பையும் ஒப்பிட வேண்டியிருந்தது. அதற்கு எட்டு ஆண்டுகள் தேவைப்பட்டன.

பூமியில் மொத்தம் எத்தனை சிற்றினங்கள் என்ற கேள்விக்கு உறுதியான விடை இல்லை. 1982இல் டெர்ரி எர்வின், பனாமாவில் ஒரே வகை மரத்தின் 19 மரங்களிலிருந்து சுமார் 1,200 வகை வண்டுகளைச் சேகரித்து, அதைக் கொண்டு வெப்பமண்டலக் கணுக்காலிகள் மட்டும் மூன்று கோடி வகை இருக்கலாம் என்றார். 2011இல் வெளிவந்த மதிப்பீடு, பாக்டீரியா போன்றவற்றை விட்டு, 87 இலட்சம் என்றது. அதன்படி நிலவாழ் உயிர்களில் 86 விழுக்காட்டுக்கு இன்னும் பெயரில்லை.

இந்த இடத்தில் என் மனத்தை அரித்துக்கொண்டிருக்கும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் பணியாற்றிய கல்லூரி ஒன்றில் ஐம்பதாண்டுச் சேகரிப்பு இருந்தது. கட்டடம் புதுப்பிக்க அறையைக் காலி செய்யச் சொன்னார்கள். மழைக்காலத்தில் தாழ்வாரத்தில் அடுக்கிய தாள்கள் நனைந்து பூச்சிபிடித்தன. கடைசியில் பழைய பேப்பர்க்காரர் வண்டியில் ஏறின. அதில் இன்று வீட்டுமனைகளாகிவிட்ட ஏரிக்கரைகளிலிருந்து எடுத்த செடிகள் இருந்தன. அந்தச் செடிகள் அங்கே வளர்ந்தன என்பதற்கு வேறு சாட்சி கிடையாது. அதை எடுத்துச் சொல்லித் தடுக்கும் அளவுக்கு அன்று எங்களில் யாரும் உரக்கப் பேசவில்லை.

இதே தமிழ்நாட்டில் மாறான சான்றும் இருக்கிறது. திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியத்தில் இருந்துகொண்டு அருட்தந்தை கே.எம். மேத்யூ தமிழகக் கர்நாடகச் சமவெளியின் தாவரங்களையும் பழனி மலையின் தாவரங்களையும் தொகுதி தொகுதியாக எழுதினார். கோவையில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல அலுவலகத்தில் இருக்கும் சென்னை ஹெர்பேரியம் தென்னிந்தியத் தாவர அறிவின் கருவூலம். ஒரு கல்லூரி நினைத்தால் எவ்வளவு செய்யலாம் என்பதற்குத் திருச்சியே போதும்.

காடறிந்தவர்கள்

திருவனந்தபுரத்தை ஒட்டிய மலைக்காட்டில் மரப்பொந்துகளில் தேங்கும் நீரில் ஒரு நண்டு வாழ்கிறது. நீண்ட கால்களால் மரமேறும். ஆய்வாளர்களிடம் அதைப் பற்றி முதலில் சொன்னவர்கள் அக்காட்டில் வாழும் காணி மக்கள். கேரளப் பல்கலைக்கழகத்தின் ஏ. பிஜு குமாரும் ஸ்மிருதி ராஜும் சிங்கப்பூரின் பீட்டர் இங்கும் 2017இல் அதைப் புதிய பேரினமாக விவரித்தார்கள். வைத்த பெயர் 'காணி மரஞ்ஞண்டு'. பேரினத்துக்கு மக்களின் பெயர், சிற்றினத்துக்கு அவர்கள் அதை அழைத்த பெயர். நம் காதுக்கு அது மரநண்டு. உலகின் எந்த மூலையில் எந்த விலங்கியலாளர் அந்த நண்டைக் குறிப்பிட்டாலும் இனி காணி மக்களின் பெயரைச் சொல்லித்தான் ஆக வேண்டும். இட்டி அச்சுதன் காலத்திலிருந்து நிலுவையில் இருக்கும் கடனில் ஒரு சிறு பகுதி அப்படித் தீர்ந்தது.

பெயர் வைப்பதால் காட்டுக்கு என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியல்கள் பெயர்களால் ஆனவை. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலும் அப்படியே. ஆனைமுடி அமைந்துள்ள இரவிகுளம் தேசியப் பூங்காவுக்குள் மட்டும் வாழும் ஆரஞ்சு நிறச் சிறு தவளை 2010இல் ராவோர்கெஸ்டஸ் ரெஸ்ப்ளென்டென்ஸ் என்று பெயர் பெற்றது. பெயர் பெற்ற பிறகே அது மிக அருகி வரும் உயிரினமாகப் பட்டியலில் ஏற முடிந்தது. பெயரில்லாத உயிர் அழிந்தால் இழப்பாகக்கூட எழுதப்படுவதில்லை. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம், புதிய சிற்றினத்தைக் கண்டறிபவர் அதன் சான்று மாதிரியை அரசு குறித்த காப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்கிறது. இனிப் பத்திரங்கள் நம் நாட்டிலேயே இருக்கும். அவற்றைப் பேணத் தகுந்த காப்பகங்களும் ஆட்களும் வேண்டும்.

நான் வேண்டுவது

கல்லூரி நிர்வாகத்தாரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஹெர்பேரிய அறையைக் காலி செய்யாதீர்கள். இடமில்லை என்றால் தாள்களைக் கோவைக்கோ திருச்சிக்கோ கொடுத்துவிடுங்கள். ஓய்வுபெற்ற வகைப்பாட்டு ஆசிரியர் இடத்தை இன்னொரு வகைப்பாட்டு ஆசிரியரைக் கொண்டே நிரப்புங்கள். மரபணு ஆய்வுக்கருவி விலைக்குக் கிடைக்கும். நாற்பதாண்டு பார்த்துப் பழகிய கண் விலைக்குக் கிடைக்காது.

ஆய்வாளர்களிடம் ஒரு வேண்டுகோள். வழிகாட்டிய காடர், காணி, முதுவர், பளியர் பெயரை நன்றியுரையின் கடைசி வரியில் 'உள்ளூர் உதவியாளர்கள்' என்று மொத்தமாக முடித்துவிடாதீர்கள். அவர்கள் விரும்பினால் பெயரோடு எழுதுங்கள். கண்டறிந்ததைத் தமிழிலும் எழுதி அந்த ஊர்ப் பள்ளிக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

மாணவர்களுக்கு ஒரு சொல். ஊதாத் தவளையின் பேரினத்தில் இரண்டாவது சிற்றினம் 2017இல் விவரிக்கப்பட்டது. அது நம் பக்கத்துத் தவளை. மலையின் கிழக்குச் சரிவில், ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில்கள் சரணாலயத்தில் கிடைத்தது. உருவம், குரல், மரபணு மூன்றையும் வைத்து அதைப் பிரித்தறிந்தார்கள். பெயர் நாசிகாபட்ராகஸ் பூபதி. கோவை சலீம் அலி பறவையியல் மையத்தில் பணியாற்றிய அறிவியலாளர் எஸ். பூபதியின் நினைவாக வைத்த பெயர். அவர் 2014 ஏப்ரலில் அகத்தியமலையில் களப்பணியின்போது உயிரிழந்தார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில் மழை இறங்கி மண் நனையும்போதெல்லாம் அவர் பெயரைத் தாங்கிய தவளை மேலே வந்து குரல் கொடுக்கிறது. அதன் குரலை இன்னொன்றிலிருந்து பிரித்துக் கேட்கத் தெரிந்தவர்கள் இந்த அவையிலிருந்து நான்கு பேர் வந்தாலும் இந்த அறக்கட்டளை எதற்காக நிறுவப்பட்டதோ அது நிறைவேறிவிடும்.